கூலியைக் கொடு, கூலி என்று கூப்பிடாதே!

தொழிலாளத் தோழர்களே! சகோதரிகளே! ஆபீசில் பேனா பிடிக்கும் கிராணிமார்களே!

தோட்டத்தில் பாடுபடுகிறவனைக் கூப்பிட இந்த நாட்டில் வழங்கிய பெயர்களை எல்லாம் எழுத ஒரு செக்ரோல் புத்தகம் போதாது. சஞ்சிக்கூலி என்றார்கள். கங்காணிக்கூலி என்றார்கள். எஸ்டேட் கூலி என்றார்கள். கிளிங் என்றார்கள். பட்டணத்துக்குப் போனால் "எஸ்டேட் ஆளு" என்றார்கள். கொஞ்சம் உரக்கப் பேசிவிட்டால் "காட்டான்" என்றார்கள். இலங்கையில் தேயிலைக்கும் ரப்பருக்கும் போன நம் உடன்பிறப்புகளுக்குத் "தோட்டக்காட்டான்" என்று பெயர் வைத்தார்கள். அப்படிப் பெயர் வைத்தவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள் என்பது கசப்பான உண்மை.

இந்தப் பெயர்களை எல்லாம் பிரட்டுக்கு நிறுத்துவதுபோல் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். இவற்றில் ஒன்றிலாவது மரம் உண்டா? பால் உண்டா? உளி உண்டா? இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் நிரை நிரையாக நடந்து, நானூறு ஐந்நூறு மரங்களைச் சீவி, மங்கு மங்காகப் பாலெடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறானே, அந்த மனிதன் என்ன தொழில் செய்கிறான் என்பதை இந்தப் பெயர்களில் ஒன்றாவது சொல்கிறதா? ஒன்றும் சொல்லவில்லை!

"பெயரில் என்ன ஐயா இருக்கிறது? சம்பளத்தைக் கேளுங்கள், வீட்டைக் கேளுங்கள். மரியாதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நமக்கு உபதேசம் செய்யும் புத்திமான்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். முதலில் மலிவான பெயரை ஒட்டுகிறார்கள். பிறகு அந்தப் பெயருக்குத் தகுந்த மலிவான விலையைக் கொடுக்கிறார்கள். "கூலிதானே, அவனுக்கு இவ்வளவு போதாதா?" என்று மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு அந்தப் பெயர்தான் கைகொடுக்கிறது. பெயர் வேறு, சம்பளம் வேறு என்று நினைப்பது ஏமாளித்தனம்.

கூலி என்பது கடன்

கூலி நம்முடைய சொல். தமிழில் அதற்கு என்ன பொருள்? செய்த வேலைக்குக் கொடுக்கவேண்டிய ஊதியம். வேலை முடிந்ததும் வேலை வாங்கியவன் தீர்க்கவேண்டிய கடன். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இந்தச் சொல்லை முயற்சியின் பலன் என்ற உயர்ந்த பொருளில்தான் வைத்திருக்கிறார். கூலி என்றால் காசு, நெல், பலன். கூலி என்றால் ஆள் அல்ல.

அந்தச் சொல்லைக் கப்பல்காரனும் ஏஜெண்டும் எப்படித் திருப்பிவிட்டார்கள் பாருங்கள்! கொடுக்கவேண்டிய காசின் பெயரை, வாங்கவேண்டிய மனிதனுக்குச் சூட்டினார்கள். மனிதன் பெயர் கூலி ஆயிற்று. அவனுக்குச் சேரவேண்டிய கூலியோ கங்காணியின் கடன் கணக்கிலும் கடைக்காரன் கணக்கிலும் கள்ளுக்கடையிலும் கரைந்துபோயிற்று. குஜராத்தில் உள்ள கோலி இனத்தாரின் பெயரிலிருந்து இந்தச் சொல் வந்தது என்பாரும் உண்டு, தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எங்கிருந்து வந்திருந்தால் என்ன? ஆங்கிலத்திலும் மலாயிலும் அது ஆளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. சீனர் அதைத் தம் எழுத்தில் எழுதும்போது "கசப்பு", "பலம்" என்று பொருள்படும் இரண்டு எழுத்துக்களால் எழுதினார்கள். கசப்பைச் சுமந்து உழைக்கிற பலம்! அந்த இரண்டு எழுத்தில் நம் பாட்டன்மார் கதையும் அடங்கிக் கிடக்கிறது.

இந்தப் பெயர் ஏழையை மட்டும் தொட்டுவிட்டு நின்றதா? 1893-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போன காந்தியை அங்குள்ள வெள்ளையர் "கூலி பாரிஸ்டர்" என்றார்கள். வழக்கறிஞர் படிப்பும் கோட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. இந்தியர்களை அங்கே "சாமி" என்றும் அழைத்தார்கள். ராமசாமி, முத்துசாமி என்ற தமிழ்ப் பெயர்களின் வாலைப் பிடித்து உண்டாக்கிய ஏளனம் அது. சாமி என்றால் எஜமான் என்று பொருள் என்பதைக் காந்தி தம் சுயசரிதையில் எடுத்துக் காட்டுகிறார். கேலி செய்கிறவன் நம்மை எஜமானே என்று அழைப்பது அவனுக்கே தெரியவில்லை!

தச்சனுக்கு ஒரு நியாயம், மண்ணில் உழைப்பவனுக்கு ஒரு நியாயமா?

இன்னொன்றைக் கவனியுங்கள். மரவேலை செய்கிறவனைத் தச்சன் என்கிறோம். இரும்படிக்கிறவனைக் கொல்லன் என்கிறோம். பானை வனைகிறவர் குயவர், துணி நெய்கிறவர் நெசவாளர். பெயரைச் சொன்னவுடனே தொழில் கண்முன் நிற்கிறது. ஆனால் பிறத்தியான் நிலத்தில் உழைக்கிறவனுக்கு மட்டும் என்ன பெயர்? தஞ்சை மாவட்டத்தில் அவன் பண்ணையாள். அதாவது பண்ணைக்குச் சொந்தமான ஆள். நெல்லைப் படியால் அளந்து கொடுத்தால் அவன் படியாள். அன்றாடம் காசு கொடுத்தால் கூலியாள். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினால் சஞ்சியாள். சஞ்சி என்பது வாக்குறுதி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லான ஜாஞ்சியிலிருந்து வந்தது. வாக்குக் கொடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள். அந்த வாக்கின் பெயரை மட்டும் சுமந்துகொண்டு தொழிலாளி நின்றான்.

படி, கூலி, சஞ்சி! அவனுக்கு எப்படிக் கொடுக்கிறார்கள், எதனால் அவனைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் இந்தப் பெயர்கள் சொல்கின்றன. அவன் கை என்ன செய்கிறது என்பதை மறைத்துவிடுகின்றன. நாற்று நடவும், நீர் பாய்ச்சவும், களை பறிக்கவும், கதிர் அறுக்கவும் தெரிந்தவன் அவன். ஆனால் உழவன் என்ற பெருமைக்குரிய பெயரை நிலம் வைத்திருப்பவன் எடுத்துக்கொண்டான். உழுதவனுக்கு மிஞ்சியது "ஆள்" என்ற ஈரெழுத்து.

இங்கேயும் அதே கதைதான். இன்று மலேசியாவில் ரப்பர் பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. அவர் சீவுவதும் அதே மரம், பிடிப்பதும் அதே உளி. தம் சொந்த இரண்டு மூன்று ஏக்கரில் சீவுகிறவரைத் தோட்டக்காரர் என்கிறோம். அது நியாயமே, அந்த மரியாதை அவருக்கு உரியதே. அதே வேலையைக் கம்பெனி நிலத்தில் செய்தவன் மட்டும் கூலி ஆனது எப்படி? வெட்டு ஒன்றுதான், நிலம்தான் வேறு. அப்படியானால் மரியாதை உழைப்புக்கா, நிலப் பட்டாவுக்கா?

இந்தப் புத்தி நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட வேண்டாம். சினிமாவில் வில்லன், வில்லன் என்கிறோமே, அந்த ஆங்கிலச் சொல் முற்காலத்தில் யாரைக் குறித்தது தெரியுமா? பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த குடியானவனை! நாட்டுக்குச் சோறு போட்டவனின் பெயர் கடைசியில் கொலைகாரனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் பெயராயிற்று. தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தாற்போல என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிறார்கள். மிட்டாய்க்குச் சர்க்கரை தந்த கரும்பை நட்டவன் அந்தப் பட்டிக்காட்டான்தான் என்பது சிரிக்கிறவர்களுக்கு நினைவு வருவதில்லை.

இது திறன் வேண்டாத வேலையா?

வாயால் சொல்லும் இழிசொல்லாவது காற்றோடு போகும். சட்டத்தில் ஏறிய இழிசொல் போகாது. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம், விவசாய வேலையைத் திறன் வேண்டாத வேலை என்ற வகையில் சேர்த்தது. மலாயாவுக்கு உதவி பெற்று வந்த தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியபோதும் நம்மவர் அந்த வகையிலேயே இருந்தார்கள். தடை செய்ததை நாம் குறை சொல்லவில்லை. இங்கு கூலியைக் குறைத்துக்கொண்டே போன முதலாளிகளுக்கு அது தக்க பாடம். ஆனால் திறன் வேண்டாத வேலை என்ற முத்திரையை யார் குத்தினார்கள்? உளி பிடித்துப் பார்த்தவர்களா?

மரம் வெட்டுவதில் திறன் இல்லை என்பவர் ஒரு நாள் தீம்பாருக்கு வரட்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. பால் நிறைந்த குழாய்கள் அதை ஒட்டியே அதிகம் இருக்கின்றன. ஆகவே ஆழமாகச் சீவினால்தான் பால் வரும். ஆனால் அந்தப் படலத்தில் உளி பட்டுவிட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளரும். பிற்பாடு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவே விடவேண்டிய இடம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்! சீவி எடுக்கும் பட்டையின் கனமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கனத்துச் சீவினால் பல வருஷங்களுக்கு வரவேண்டிய பட்டை சீக்கிரமே தீர்ந்துபோகும்.

வெட்டு ஏன் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிகிறது? மரத்துக்குள் பால் குழாய்கள் நேராக நிற்காமல் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இப்படிச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். ஏன் விடியுமுன் வெட்டவேண்டும்? வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும். இதை எல்லாம் கல்லூரியில் படித்தவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார். நம் தாய்மார்கள் இருட்டில் விரல் நுனியால் சொன்னார்கள்.

மரத்தைக் கொல்லாமல், பட்டையை மெல்லச் சீவிச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்ததற்காக, சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888-இல் வந்த ரிட்லி துரையை உலகம் புகழ்கிறது. புகழட்டும், அவர் பெரிய அறிஞர். ஆனால் அந்த முறையைக் கோடிக்கணக்கான மரங்களில் நாள் தவறாமல் செய்துகாட்டிய கைகளுக்கு என்ன பட்டம் கொடுத்தார்கள்? திறன் இல்லாதவர்! முறையைக் கண்டவர் விஞ்ஞானி, அதைச் செய்தவன் கூலி. இது எந்த ஊர் நியாயம்?

சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம்!

பெயரும் மரியாதையும் வயிற்றுக்கு அப்புறம்தான் என்பவர்கள் 1941-ஆம் ஆண்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும். அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னணியில் நின்றவர் ஆர்.எச். நாதன். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது, சீனத் தொழிலாளருக்குச் சமமான ஊதியம் இருந்தது, குழந்தைகளுக்குப் படிப்பு இருந்தது, வைத்திய வசதி இருந்தது, கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. துரையோ, தோட்டத்துச் சிப்பந்தியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும்!

பாருங்கள், தோழர்களே! அரைவயிறு சாப்பிட்டவர்கள், சங்கம் வைக்கவும் உரிமை இல்லாதவர்கள், சம்பளக் கோரிக்கையின் பக்கத்திலேயே சைக்கிள் கோரிக்கையையும் வைத்தார்கள். இறங்கு என்று சொல்லும் வாயும், உனக்கு இவ்வளவுதான் என்று கணக்குப் போடும் கையும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசாங்கம் என்ன செய்தது? நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. பட்டாளத்தை வரவழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் இழந்தனர். ஒரு மனிதன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகலாமா என்ற கேள்வியில் கூட ஆட்சி பயந்தது என்றால், மரியாதை அற்ப விஷயம் என்று யார் சொல்ல முடியும்?

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை

அந்த 1941 கோரிக்கைகளில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. நம் பெண்களிடம் தகாத முறையில் நடந்த ஐரோப்பியரைக் கண்டித்த கையோடு "கறுப்பு ஐரோப்பியர்" என்று ஒரு கூட்டத்தையும் தொழிலாளர் கண்டித்தார்கள். யார் அந்தக் கறுப்பு ஐரோப்பியர்? தோலில் நம் நிறம், வாயில் துரையின் அதட்டல்! தகப்பன் வயதுள்ள தொழிலாளியை "டேய்" என்றும், தாய் வயதுள்ள அம்மாளை "ஏய்" என்றும் பிரட்டுக் களத்தில் கூப்பிட்டவர்கள் அவர்கள். எல்லாக் கிராணிமாரும் அப்படி இருந்தார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். இரவில் விளக்கை வைத்துக்கொண்டு லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களும், தொழிலாளியின் மனுவை எழுதிக்கொடுத்துவிட்டுத் துரையின் கோபத்துக்கு ஆளானவர்களும் அந்த ஆபீசில்தான் இருந்தார்கள். அவர்களை நம் இயக்கம் மறக்காது.

ஆனால் கிராணி என்ற பெயரைப் பெருமையாகச் சுமப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். மலாயில் கெராணி என்றும் நம் வழக்கில் கிராணி என்றும் வழங்கும் இந்தச் சொல் வடநாட்டிலிருந்து வந்தது. ஊர்க் கணக்கரைக் கர்ணம் என்கிறோமே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றே. வங்காளத்தில் வெள்ளைக்காரர்கள் இந்தச் சொல்லைக் "கிரானி" என்று திரித்து, இங்கிலீஷ் எழுதத் தெரிந்த குமாஸ்தாவுக்கு அலட்சியமான பெயராக வழங்கினார்கள். ஆக, துரையின் வாயில் தொழிலாளி கூலி, குமாஸ்தா கிரானி! இருவருக்கும் பெயர் வைத்தவன் ஒருவனே. அவன் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கொடுத்த சொல்லால் கீழே நிற்கிறவனை அடிப்பது எவ்வளவு பெரிய அறியாமை!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆபீசில் வாங்குவதற்குப் பெயர் சம்பளம். தீம்பாரில் வாங்குவதற்குப் பெயர் கூலி. இந்தப் பெயர் வித்தியாசம் அகராதியில் மட்டும் இருந்துவிட்டால் கவலை இல்லை. மழை பெய்த நாளில் அது அடுப்பங்கரைக்கு வந்தது. மழை நாளிலும் சம்பளக்காரருக்கு மாதம் முப்பது நாள். கூலிக்காரனுக்கோ வெட்டில்லை, ஆகவே காசில்லை. தோட்டத் தொழிலாளிக்கும் மாதச் சம்பளம் வேண்டும் என்று தொழிற்சங்கம் எத்தனை ஆண்டுகள் கதறியது என்பது நினைவிருக்கட்டும். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்று வைத்தார்கள். 2025-இல் அது 1,700 ரிங்கிட் ஆகியிருக்கிறது. மாதக் கணக்கு ஆபீசுக்கு மட்டும்தான் என்ற பழைய பேச்சைச் சட்டமே உடைத்துவிட்டது. கூலி என்று கூப்பிடும் பழக்கம் மட்டும் ஏன் உடையக்கூடாது?

சொல் எப்போது இழிசொல் ஆகிறது?

"சரி, கூலி வேண்டாம். இனி வேறு அழகான பெயர் வைத்துவிடுகிறோம்" என்று ஓடிவரும் நிர்வாகங்களும் உண்டு. அவர்களையும் நாம் எச்சரிக்கிறோம். பெயர்ப்பலகையை மாற்றிவிட்டுக் கணக்குப் புத்தகத்தை மாற்றாமல் விடுவது ஒழுகும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது.

கிளிங் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சொல் அது. மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. கப்பலும் சரக்கும் வைத்திருந்த தென்னிந்திய வியாபாரிகளுக்கு அது வெறும் ஊர்ப்பெயர். அதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. அதே சொல் கையில் காசில்லாத தோட்டத் தொழிலாளியின் மேல் விழுந்தபோது வசையாயிற்று. சொல் மாறவில்லை, சுமந்தவனின் நிலை மாறியது. அதனால்தான் சொல்கிறோம்: பெயரை மட்டும் மாற்றினால் நாளைக்குப் புதுப் பெயரும் நாறும். சம்பளத்தை மட்டும் உயர்த்திவிட்டு "டேய்" என்று கூப்பிட்டால் அந்தச் சம்பளமும் பிச்சையாகிவிடும். இரண்டும் சேர்ந்து வரவேண்டும்.

தாமே தம் பெயரை எடுத்துக்கொண்டவர்களைப் பாருங்கள். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்ட தோட்டத் தமிழர்கள், தோட்டக்காட்டான் என்ற பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு மலையகத் தமிழர் என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டார்கள். வாக்குரிமைக்கும் சம்பளத்துக்கும் போராடிக்கொண்டே சூட்டிக்கொண்ட பெயர் அது; ஆகவே நிலைத்தது. மொரீசியசில் நம்மவர் கப்பலிலிருந்து இறங்கிய துறையைக் கூலித்துறை என்று சொல்லிவந்தார்கள். இன்று அது குடியேறியோர் துறை என்று பொருள்படும் ஆப்ரவாசி காட் என்ற பெயரோடு நிற்கிறது. 2006-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இறங்கியவர் கூலி அல்ல, குடியேறியவர் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

நம் வாயையும் பார்ப்போம்

துரையைத் திட்டுவது சுலபம். நம் லயத்துக்குள்ளும் கொஞ்சம் எட்டிப்பார்ப்போம். பறை என்ற இசைக்கருவியை முழக்கியவர்களின் பெயரை வசைச்சொல் ஆக்கியவர் யார்? வெள்ளைக்காரரா? இல்லை! நம் ஊர்த் தெருக்களில் இருந்த வசையை அவன் காதில் வாங்கினான். தன் பாஷையில் "தள்ளிவைக்கப்பட்டவன்" என்ற பொருளில் போட்டுக்கொண்டான். அது உலகமெல்லாம் சுற்றி இந்த நாட்டில் தெருநாய்க்கும் பெயராயிற்று. 1971-இல் வெளிவந்த இன்டர்லோக் என்ற மலாய் நாவல் 2011-இல் ஐந்தாம் படிவப் பாடநூலானபோது, அந்தச் சாதிப்பெயர் அதில் இருந்ததற்காக நம் சமூகம் கொதித்து எழுந்தது. நூலும் அந்த ஆண்டின் முடிவில் மீட்டுக்கொள்ளப்பட்டது. கொதித்தது சரியே. ஆனால் புத்தகத்தில் வந்தால் கொதிப்பதும், கல்யாணப் பேச்சில் வந்தால் தலையாட்டுவதும் என்ன நேர்மை?

இதைவிடப் புதிய அபாயம் ஒன்று வந்திருக்கிறது. ரப்பர்க் காடுகள் சுருங்கிச் செம்பனை பெருகிவிட்டது. நம் பிள்ளைகள் பலர் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். தோட்டங்களில் நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் நிற்கிறார்கள். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு, வீட்டைவிட்டுப் பிரிந்து, மொழி தெரியாத காட்டில் நிற்கிறார்கள். இதுவேதானே நம் குடும்பங்களின் பழைய கதை? அப்படி இருக்க, நம்மவரில் சிலர் அவர்களைப் "பங்ளா" என்றும் "இந்தோன்" என்றும் உதட்டைச் சுழித்துக் கூப்பிடுகிறார்கள். சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு வந்தவர்கள் மீதும் அதே சொல்லை வீசுகிறார்கள். ஒரு தேசத்தின் பெயரைக் குறுக்கி ஒரு மனிதனுக்கு ஒட்டுவதும், ஒரு மனிதனின் கூலியைப் பெயராக்கி ஒட்டுவதும் ஒரே தொழிற்சாலையில் செய்த சரக்கு.

அவனுக்குக் குறைந்த சம்பளம் கொடுக்க முதலாளிக்கு வசதி செய்து தருவது நம் வாயிலிருந்து வரும் அந்தச் சொல்தான். அவன் சம்பளம் குறைந்தால் நம் சம்பளமும் ஏறாது. இதில் தர்மமும் இருக்கிறது, நம் சுயலாபமும் இருக்கிறது. எதை நினைத்து நிறுத்தினாலும் சரி, அந்தச் சொல்லை நிறுத்துங்கள்.

நாம் கேட்பது

ஒன்று: கணக்கிலும் கடிதத்திலும் பேச்சிலும் தொழிலாளி என்று எழுதுங்கள், தொழிலாளி என்று சொல்லுங்கள். மரம் வெட்டும் தொழிலாளி, களை எடுக்கும் தொழிலாளி, குலை அறுக்கும் தொழிலாளி என்று தொழிலைச் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. கூலி என்ற சொல் காசுக்கு மட்டும் இருக்கட்டும்.

இரண்டு: வயதில் மூத்த தொழிலாளியை ஐயா என்றும் அம்மா என்றும், இணையானவரை அண்ணே என்றும் அக்கா என்றும், இளையவரைத் தம்பி என்றும் தங்கச்சி என்றும் அழையுங்கள். இதற்குக் கம்பெனி உத்தரவு வேண்டியதில்லை, பட்ஜெட்டும் வேண்டியதில்லை.

மூன்று: மரம் வெட்டுவது கற்றுத் தேறவேண்டிய கைத்தொழில். சம்பளப் பேச்சு நடக்கும் மேசையில் அதைத் திறமைக்குரிய தொழில் என்றே வைத்துப் பேசவேண்டும். திறன் வேண்டாத வேலை என்ற பழைய முத்திரையை இனி எந்த ஒப்பந்தத்திலும் ஏற்கக்கூடாது.

நான்கு: தீம்பார், நிரை, மங்கு, உளி, காண்டா, ஒட்டுப்பால், பிரட்டு என்று நம்மவர் உழைப்பில் பிறந்த சொற்களை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுங்கள். பாட்டிமார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பட்டணத்தில் படிக்கும் மகன், "எங்கள் அம்மா பால்மரம் வெட்டினார்" என்று தலை நிமிர்ந்து சொல்லவேண்டும். இஞ்சினியர் மகன் தன் தகப்பன் தொழிலைச் சொல்ல வெட்கப்படாதபோது, உலகத்தின் சக்கரங்களுக்கு ரப்பர் கொடுத்தவளின் மகன் ஏன் வெட்கப்படவேண்டும்?

ஐந்து: அயல்நாட்டிலிருந்து வந்த தொழிலாளியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். சங்கத்தின் கதவை அவருக்கும் திறந்து வையுங்கள்.

தோழர்களே, நம் முன்னோர் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்று சொன்னபோது அவர்களுக்குச் சட்டம் துணை இல்லை, சங்கம் துணை இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. இனி ஆபீசிலோ, கடையிலோ, கல்யாண வீட்டிலோ யாராவது ஓர் உழைப்பாளியைக் கூலி என்று கூப்பிட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: "கூலி என்பது நீ கொடுக்கவேண்டியது. கொடுத்துவிட்டாயா?"

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!